டொமாலஸ் பாதையில் நான்கு மணி நேரம்

ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்
8 செப்டம்பர் 2025

பிச்சுமணி சாருக்கு,

வசந்தாமணி எழுதுகிறேன். போனில் பேசினால் இவர் பக்கத்தில் இருப்பார். வாட்ஸாப்பில் அனுப்பினால் வீட்டு ஐபேடில் எல்லார் கண்ணிலும் படும். அதனால்தான் காகிதம். பதிலையும் என் பெயருக்குத் தபாலிலேயே அனுப்புங்கள். தபால்பெட்டிச் சாவி என்னிடம் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை இவரிடம், "அக்டோபர்ல கிளம்பி வாடா நஞ்சு, டொமாலஸ் பாதைய முடிச்சுடலாம்" என்றீர்களாம். அன்றிலிருந்து இவருக்கு முகமே வேறு. ஷூவை எடுத்துத் துடைக்கிறார். அந்தப் பாதையில் இவர் விழுந்து பதினொரு மாதம் ஆகிறது. இடுப்பில் பிளேட், தலையில் தையல், அந்த ஒரு நாள் மட்டும் நினைவில் இல்லை. மகள் வான்மதி கார் சாவியை வாங்கி வைத்துவிட்டாள். தெருமுனைக் குளத்தைத் தாண்டித் தனியாகப் போகக் கூடாது என்று உத்தரவு. "படம் எடுக்கறேன்னு பாறை விளிம்புக்குப் போற ஆளை எப்படிம்மா தனியா விடறது?" என்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அப்படித்தான் நடந்தது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்.

இங்கே குடிவந்தபோது பிரிக்காமல் விட்ட பெட்டி ஒன்றைப் போன வாரம் பிரித்தேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த பெரிய பிளாஸ்டிக் பை அதில் இருந்தது. அதற்குள் இவருடைய நடைக் கடிகாரம், ஆஸ்பத்திரியில் பட்டையை வெட்டி எடுத்தபடியே கிடந்தது. சார்ஜ் போட்டு வான்மதியின் போனில் இணைத்தோம். அந்தச் சனிக்கிழமை நடந்த நடை வரைபடமாக வந்தது. அவள் அவசரத்தில் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். நான் உட்கார்ந்து பார்த்தேன்.

பன்னிரண்டு இருபதுக்கு இவர் நின்றுவிட்டார். அதன்பிறகு மாலைவரை கோடு நகரவே இல்லை. பாதை முடிகிற முனைவரை இருவரும் போய்த் திரும்பும்போது மூன்று மணிக்கு விழுந்தார் என்று நீங்கள் பூங்கா ரேஞ்சரிடம் சொன்னீர்கள். ஆஸ்பத்திரி நடைவழியில் என்னிடமும் அதையே சொன்னீர்கள். முனையில் பெலிக்கன் பறவைகள் வரிசையாகப் போனதைக் கையால் காட்டினீர்கள்.

இந்தக் கோடு முனைக்குப் போகவே இல்லை.

என்ன நடந்தது என்று எழுதுங்கள். அதற்குப் பிறகுதான் டிக்கெட்.

வசந்தாமணி


ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா
15 செப்டம்பர் 2025

அன்புள்ள வசந்தா,

பதினொரு வருஷமாக "அண்ணா"வாக இருந்தவன் ஒரே கடிதத்தில் "சார்" ஆகிவிட்டேன். பரவாயில்லை. நீ பட்ட கஷ்டத்துக்கு யார் மேலாவது கோபம் வரத்தான் செய்யும்.

கடிகார விஷயத்துக்கு நீ கலவரப்பட வேண்டியதே இல்லை. நீங்கள் டெக்சாஸ் போய்விட்டீர்கள். இங்கேயும் அங்கேயும் இரண்டு மணி நேர வித்தியாசம். வான்மதியின் போனில் இணைத்ததும் அது குழம்பியிருக்கும். பன்னிரண்டு இருபதோடு இரண்டைக் கூட்டிப் பார், கிட்டத்தட்ட மூன்று வந்துவிடும். அந்தப் பாதையில் போனுக்கே சிக்னல் கிடையாது. ஒரு பக்கம் பசிபிக், மறு பக்கம் டொமாலஸ் விரிகுடா, நடுவில் காற்றும் புதரும். அங்கே கடிகாரம் மட்டும் ஒழுங்காக வேலை செய்யுமா?

நாங்கள் இரண்டு பேரும் இந்தப் பக்கத்து மலைகளையும் கடற்கரைகளையும் எத்தனை தடவை நடந்திருக்கிறோம்! மிஷன் பீக்கில் மட்டும் நூறு தடவை இருக்கும். ஒரு தடவையாவது அவனை நான் விட்டுவிட்டு வந்ததுண்டா? நினைத்துப் பார்.

அவனை அனுப்பு. இந்த முறை கையைப் பிடித்துக்கொண்டே கூட்டிப் போகிறேன்.

அன்புடன்,
பிச்சுமணி


ஃபிரிஸ்கோ
20 செப்டம்பர் 2025

பிச்சுமணி சாருக்கு,

ஊரில், கோபியில் எட்டு வருடம் நான் கணக்கு டீச்சராக இருந்தேன். அதை மறந்துவிட்டீர்கள்.

டெக்சாஸ் நேரம் உங்கள் நேரத்துக்கு முன்னால் ஓடுகிறது. இந்தப் பன்னிரண்டு இருபது இங்கத்து நேரம் என்றால் உங்கள் ஊரில் அப்போது மணி பத்து இருபது. கூட்டக் கூடாது, கழிக்க வேண்டும். ஆனால் கழிக்கவும் தேவையில்லை. பாதையின் நடுவே உள்ள அந்த ஒரே மரக்கூட்டத்தடியில் நீங்கள் இருவரும் உங்கள் போனில் எடுத்து, பிறகு எனக்கு அனுப்பிய செல்ஃபி என்னிடம் இருக்கிறது. அதில் நேரம் பதினொன்று பத்து. கடிகாரத்திலும் பதினொன்று பத்துக்கு இவர் அந்த மரத்தடியில்தான் நிற்கிறார். ஆக, கடிகாரம் சரியாகத்தான் ஓடியிருக்கிறது.

உங்கள் கடிதத்தில் இன்னொன்றையும் கவனித்தேன். "அவனை நான் விட்டுவிட்டு வந்ததுண்டா?" என்று எழுதியிருக்கிறீர்கள். விட்டுவிட்டு வந்தீர்கள் என்று நான் எங்கேயும் எழுதவில்லையே. அது எங்கிருந்து வந்தது?

இந்தக் கடிகாரம் இதயத் துடிப்பையும் குறித்து வைத்திருக்கிறது. பன்னிரண்டு இருபதுக்கு நூற்று நாற்பது. அப்புறம் இறங்குகிறது. இரண்டு மணிக்கு ஒரு தடவை ஏறுகிறது. எழுந்திருக்க முயன்றிருப்பார் போல. மறுபடி இறங்குகிறது. இப்படி மாலைவரைக்கும். நேற்று இவர் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் படத்தை நான் சமையல் மேடைக்குப் பின்னால் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன வசந்தா, போனையே மொறைச்சுப் பாத்துட்டிருக்கற?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன். முப்பத்தாறு வருடத்தில் இவரிடம் நான் மறைத்தவை கொஞ்சம்தான். அதில் இன்னொன்றைச் சேர்க்க வைத்துவிட்டீர்கள்.

வசந்தாமணி


ஃப்ரீமான்ட்
29 செப்டம்பர் 2025

வசந்தா,

சரி. உன்னிடம் மறைக்க முடியாது.

நாங்கள் முனைக்குப் போகவில்லை. மரக்கூட்டத்தில் எனக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. "நீ போய்ட்டு வாடா, நான் இங்கேயே உக்காந்திருக்கேன்" என்றேன். அவன் தனியாகப் போனான். நான் மரத்தில் சாய்ந்தேன், அப்படியே தூங்கிவிட்டேன். விழித்தபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. தேடிக்கொண்டு போனேன். பாதைக்குக் கீழே, கடல் பக்கச் சரிவில் புதருக்குள் கிடந்தான். பக்கத்தில் போன் உடைந்து கிடந்தது. படம் எடுக்கப் போய்த்தான் சறுக்கியிருக்கிறான் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சிநேகிதன் விழுந்து கிடக்கும்போது நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று ரேஞ்சரிடம் எப்படிச் சொல்வது? வாய் தானாக "கூடவே இருந்தேன்" என்று சொல்லிவிட்டது. சொன்ன பிறகு மாற்ற முடியவில்லை. பெலிக்கன்கள் வேறொரு நாள் பார்த்தவை.

இவ்வளவுதான். கிழவன் தூங்கிவிட்டான். அதற்கு என்ன தண்டனையோ கொடு.

பிச்சுமணி


ஃபிரிஸ்கோ
4 அக்டோபர் 2025

பிச்சுமணி சாருக்கு,

உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது அழுதேன். பாவம், வயதானவர், தூங்கிவிட்டார், நான் எவ்வளவு கொடூரமாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்தேன். டிக்கெட்கூடப் பார்த்தேன்.

பிறகு அந்தப் பிளாஸ்டிக் பையை மறுபடி எடுத்தேன். கடிகாரம் இருந்த அதே பை. இவரைச் சுற்றியிருந்ததையெல்லாம் ஆஸ்பத்திரிக்காரர்கள் அதில்தான் போட்டுக் கொடுத்தார்கள். அடியில் பச்சைக் கட்டம் போட்ட கனத்த கம்பளி மடித்து வைத்திருந்தது. உங்கள் வீட்டுக் காமாக்ஷி அக்கா உயிரோடு இருந்தபோது பிக்னிக்குக்கு விரித்து உட்காருவோமே, அதே கம்பளி. அது எப்போதும் உங்கள் கார் டிக்கியில்தான் கிடக்கும். பத்து மைல் நடக்கிறவர் அதைத் தோளில் சுமந்துகொண்டு போக மாட்டார். செல்ஃபியில் உங்கள் தோளில் சின்னப் பை மட்டும்தான் இருக்கிறது.

மரக்கூட்டத்திலிருந்து கார் மூன்று மைல்.

நீங்கள் மரத்தடியில் தூங்கவில்லை. காருக்குப் போனீர்கள். போய்விட்டுத் திரும்பி வந்தீர்கள்.

என்னைச் சந்தேகக்காரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆம், இப்போது எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறேன். நீங்கள் இவரைத் தள்ளிவிட்டிருப்பீர்களோ என்றுகூட நேற்று ஒரு நிமிடம் நினைத்தேன். அதை எழுத வெட்கமாக இல்லை. அப்படி நினைக்க வைத்தது நீங்கள்.

புதன்கிழமை இவரை மெமரி கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். கடிகார முகம் வரையச் சொன்னார்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். எல்லாம் சரியாகத்தான் செய்தார். வெளியே வந்து காரில் ஏறும்போது மெதுவாக, "நான் அவ்வளவு கோமாளியா வசந்தா? அந்த விளிம்புக்கு எதுக்குப் போனேன்?" என்று கேட்டார். பதில் உங்களிடம் இருக்கிறது.

பதினொன்று பத்திலிருந்து எங்கே இருந்தீர்கள்?

வசந்தாமணி


ஃப்ரீமான்ட்
12 அக்டோபர் 2025

வசந்தாமணிக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

மரக்கூட்டத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தோம். நஞ்சு திடீரென்று, "பிச்சு, ஜனவரில நாங்க ஃபிரிஸ்கோவுக்கே போயிடறமுடா. வான்மதி பக்கத்துல வூடு பாத்தாச்சு" என்றான்.

"எப்படா முடிவாச்சு?" என்றேன்.

"ஜூன்லயே."

ஜூனிலிருந்து அக்டோபர்வரை எத்தனை சனிக்கிழமை! அத்தனை நாளும் என்னோடு நடந்துகொண்டே மறைத்திருக்கிறான். காமாக்ஷி போன பிறகு என் வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் நாளாக இருந்தது. மற்ற ஆறும் சும்மா கழியும். அது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை.

என்னென்னவோ பேசினேன். "இத்தனை நாள் என்னைப் பைத்தியக்காரனாக்கிட்டே. இனிமே என் மூஞ்சிலேயே முழிக்காதே. தனியாவே நடந்து பழகிக்கோ" என்றேன். அவன் எழுந்து வடக்கே முனையைப் பார்த்து நடந்தான். கூப்பிடவில்லை. நான் தெற்கே திரும்பிக் காருக்கு வந்தேன்.

ஒரு மணிக்குக் காரில் உட்கார்ந்தேன். கொண்டுவந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன். இதை எழுதத்தான் கை வரவில்லை. அவன் அங்கே கிடந்தபோது நான் சாப்பிட்டேன். ஊறுகாயோடு சாப்பிட்டேன். இரண்டு மணிக்கு, "வரட்டும், வேணும்னே லேட் பண்றான்" என்று நினைத்தேன். இரண்டரைக்குக் கடலிலிருந்து மூடுபனி ஏறிற்று. எதிரே இருந்த பழைய பால்பண்ணைக் கொட்டகைகூட மறைந்துவிட்டது. மூன்று மணிக்கு டிக்கியைத் திறந்து கம்பளியை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை. எடுத்த கைக்குத் தெரிந்திருக்கிறது.

மரக்கூட்டத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பாதையை அடைத்துக்கொண்டு எல்க் மான்கள் நின்றன. ஐந்தாறு கிடாக்கள், நான் இரண்டு கையையும் விரித்த அகலத்துக்குக் கொம்பு. அக்டோபர் அவற்றுக்கு மோதல் காலம், கனைத்துக்கொண்டு நின்றன. பக்கத்தில் போகப் பயந்து கால் மணி நேரம் காத்திருந்தேன். அவை நகர்ந்த பிறகு போனால் பாதை ஓரத்தில் அவனுடைய ஊன்றுகோல். கீழே அவன். நாலரை மணி. பின்னால் வந்த ஒரு தம்பதியிடம் சாட்டிலைட் கருவி இருந்தது, அவர்கள்தான் அழைத்தார்கள்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். "வந்துட்டயா" என்றான்.  அதன் பிறகு நினைவு தப்பிவிட்டது.

அவனுக்கு எதுவும் ஞாபகமில்லை என்று டாக்டர் சொன்னபோது, வசந்தா, எனக்கு நிம்மதியாக இருந்தது. இதுதான் உண்மை. இதற்கு மேல் என்னிடம் ஒளிக்க எதுவும் இல்லை.

பிச்சுமணி


ஃபிரிஸ்கோ
18 அக்டோபர் 2025

பிச்சுமணி அண்ணாவுக்கு,

இது மன்னித்து எழுதுகிற கடிதம் அல்ல. முதலில் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஜூனிலேயே உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று இவர் துடித்தார். தடுத்தது நான். "அவர்கிட்டச் சொன்னா உங்க மனசை மாத்திப்போடுவாருங்க. வீடு ரெஜிஸ்டர் ஆகட்டும்" என்றேன். நான் சொன்னால் மறுத்துப் பேசுவார், நீங்கள் சொன்னால் கேட்பார். அந்தப் பொறாமை எனக்குப் பல வருடமாக உண்டு. அன்றைக்குக் காலையில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தவரிடம், "இன்னைக்கு நீங்க சொல்றீங்களா, இல்ல நானே போன் பண்ணிச் சொல்லட்டுமா?" என்று கேட்டு அனுப்பியதும் நான்தான். பதினொரு மாதமாக உங்கள்மேல் மட்டும் சந்தேகப்பட்டுக்கொண்டு இதை வசதியாக மறந்திருந்தேன்.

இப்போது நீங்கள் அறியாத ஒன்று. உங்கள் கடிதத்தை ஒரு கையிலும் வரைபடத்தை மறு கையிலும் வைத்துப் பார்த்தேன். மரக்கூட்டத்திலிருந்து இவர் வடக்கே அரை மைல்தான் போயிருக்கிறார். பதினொன்று ஐம்பதிலிருந்து இருபது நிமிடம் அங்கேயே நின்றிருக்கிறார். பிறகு திரும்பிவிட்டார். கோடு தெற்கே வருகிறது. போனதைவிட வேகமாக வருகிறது. உங்களைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறார், அண்ணா.

வரும் வழியில் ஓர் இடத்தில் கோடு பாதையை விட்டு விலகிக் கடல் பக்கமாக வளைகிறது. போகும்போது அந்த இடத்தில் வளைவு இல்லை. படம் எடுக்கப் போனதாகத்தான் நானும் நினைத்தேன். நீங்கள் மான்களைப் பற்றி எழுதிய பிறகுதான் விளங்கியது. அதே இடம். பாதையை அவை அடைத்துக்கொண்டு நின்றிருக்கின்றன. நீங்கள் கால் மணி நேரம் காத்திருந்தீர்கள். இவருக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. நீங்கள் போய்விடுவீர்களே என்று சுற்றி வந்திருக்கிறார். அங்கேதான் கோடு நிற்கிறது.

விளிம்புக்கு விளையாடப் போன கோமாளி அல்ல இவர். நீங்கள் சொன்ன ஒரு பொய்யால் இந்த வீட்டில் ஒரு வருடமாக இவரைக் குழந்தை மாதிரி நடத்துகிறோம். தன் காலையே இவர் நம்பாமல் போய்விட்டார். அந்த நான்கு மணி நேரத்தைவிட எனக்கு இதுதான் ஆறவில்லை.

நான் சொல்ல மாட்டேன். போனிலும் வேண்டாம். நீங்கள் இங்கே வந்து, இவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். என் பங்கை நான் சொல்கிறேன்.

வசந்தாமணி


ஃப்ரீமான்ட்
24 அக்டோபர் 2025

வசந்தா,

உன் கடிதம் வந்து இரண்டு நாளாக வீட்டில் யாரோடும் பேசவில்லை. பேச யாரும் இல்லை என்பது வேறு விஷயம். திரும்பி வந்தான் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைத் தாண்டிப் படிக்க வெகுநேரம் ஆயிற்று.

நவம்பர் எட்டாம் தேதி சனிக்கிழமை காலை ஃபிளைட். ஏர்போர்ட்டுக்கு யாரும் வர வேண்டாம், ஊபர் எடுத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு கேள்வி. அவன் என்னை வெளியே போகச் சொன்னால் என்ன செய்வது?

பிச்சுமணி


ஃபிரிஸ்கோ
19 நவம்பர் 2025

பிச்சுமணி அண்ணாவுக்கு,

நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. தெரியாததால் எழுதவில்லை. நீங்களும் பிறகு நானும் ஹாலில் உட்கார்ந்து சொல்லி முடித்ததும் இவர் என்னையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடிகாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். மறுநாள் நீங்கள் கிளம்பும்போதும் இறங்கி வரவில்லை. வாசலில் நீங்கள் நின்ற நிலை என் கண்ணை விட்டுப் போகவில்லை. அதன் பிறகு நடந்ததைத் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

என்னோடு மூன்று நாள் பேசவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டார், அவ்வளவுதான். நான்காம் நாள் காலை வான்மதி ஆபீஸ் போகும் வழியில் பேத்தியை இங்கே விட வந்தபோது வரைபடத்தை அவள் முன்னால் வைத்தார்.

"இங்க பாரு. நான் போட்டோ எடுக்கப் போகல. என்ற காலும் ஓயல, தலையும் கெடல. மானுக்கு வழி விட்டேன். புரியுதா?"

வான்மதி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "அழுகறதுன்னா, கார் சாவியைக் குடுத்துட்டு அழுவு" என்றார்.

சாவியை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு ஷூவை மாட்டினார். பேத்தி வெண்பா ஓடிவந்து, "தாத்தா, கேன் ஐ கம் வித் யூ?" என்றாள்.

"இன்னைக்கு வேண்டாம் கண்ணு. தாத்தா தனியாப் போகோணும்."

இந்த ஊரில் ஏறுவதற்கு ஒரு மேடு கிடையாது, உங்களுக்கே தெரியும். ஏரி அணையின் சரிவு ஒன்றுதான். அங்கே போயிருக்கிறார். போகவர இரண்டரை மணி நேரம். எத்தனை முறை போனைக் கையில் எடுத்தேன் தெரியுமா? கூப்பிடவில்லை. சந்தேகப்படுவது எனக்குப் பழகிவிட்டது, அண்ணா. இனி அதை விடுவதற்குத்தான் பழக வேண்டும்.

திரும்பி வந்து, வியர்வையோடு சமையலறையில் நின்று தண்ணீர் குடித்தார். "ஜூன்லயே சொல்லியிருக்கோணும். உன்ற பேச்சைக் கேட்டது என்ற தப்பு" என்றார். எனக்கு அதுதான் மன்னிப்பு. அல்லது தண்டனை. எதுவென்று இன்னும் தெரியவில்லை.

நேற்று நானே தயங்கித் தயங்கி, "பிச்சுமணி அண்ணனுக்கு என்ன எழுதட்டுங்க?" என்று கேட்டேன். ஷூவின் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு, "நான் திரும்பித்தான் வந்தேன்னு அவனுக்கு நல்லாப் புரிஞ்சுதா?" என்றார்.

"புரிஞ்சுதுங்க."

"சரி. புரிஞ்சுட்டு இருக்கட்டும். இப்போதைக்கு அவனை இங்க வரச் சொல்லாத. பேசணும்னு எனக்குத் தோணுனா நானே அங்க நடந்து போயிக்கறேன்."

டெக்சாஸிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு நடந்தா என்று கேட்க வாயெடுத்தேன். முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை. சிரிப்பில்லை, கோபமும் இல்லை. சொன்ன வார்த்தையை அப்படியே எழுதிவிட்டேன்.

வசந்தாமணி